பேய் நகரமா? யார் சொன்னது?

கேள்வி: ஹாலிவுட்டின் சிறுவர் பேய்ப் படங்களில் இப்போது கறுப்பினப் பிள்ளைகள், மெக்சிகோ பிள்ளைகள் எல்லாம் நாயகர்களாக வருகிறார்கள். தனுஷ்கோடி மாதிரி ஒரு பேய் நகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் அப்படி எதுவும் எடுப்பதில்லை?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: உச்சிப்புளிக்காரர் நீங்களே 'பேய் நகரம்' என்று எழுதலாமா? இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. இதே பக்கத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடல் கொண்டுபோனது. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் மீனவக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள கம்பிப்பாடு குடியிருப்பில் வலை காய்கிறது, உலை கொதிக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

போன வருடம் இடிந்த சர்ச் பக்கம் நின்றிருந்தேன். செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு பையன், சிப்பி மாலை விற்ற சிறுமியிடம், "பாப்பா, ராத்திரி இங்க பேய் வருமாமே?" என்று கேட்டான். அவள் ஓலைக் குடிசை ஒன்றைக் காட்டி, "அந்தா, அதான் எங்க வீடு" என்றாள். அவனுக்கு அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை. கேமராவை இடிந்த சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்குத் தாகம் என்றதும் அவள் மணலில் தோண்டிய ஊற்றுக்குக் கூட்டிப் போய், சிரட்டையால் மொண்டு கொடுத்தாள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் அப்படி ஒரு நல்ல தண்ணீர்.

நாயகனின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஆகிவிடாது. நீங்கள் சொல்லும் மெக்சிகோ பையன் 'கோகோ' படத்தில் வருகிறவன் என்று நினைக்கிறேன். அது 2017இல் வந்தது. அதற்கு முன்பு, 2013இல், மெக்சிகோ மக்கள் முன்னோருக்குப் படையல் வைக்கும் இறந்தோர் நாளின் பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய, அந்தப் படத்தின் நிறுவனமான டிஸ்னி விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. அதைக் கிண்டல் செய்து கார்ட்டூன் போட்ட லாலோ அல்கராஸையே பிறகு படத்துக்கு ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். திட்டியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். கம்பிப்பாட்டில் நாம் யாரைக் கேட்டோம்?

அப்புறம், பேய் என்று நம் திரையில் காட்டுவது எதை? விரித்த தலை, வெறித்த பார்வை, சங்கிலியில் கட்டிப்போட்ட பெண். ஐயா, அது பேய் இல்லை, நோயாளி. நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சங்கிலியைக் காட்டி இந்த மாவட்டத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. வீட்டில் மனநோயோடு போராடும் அத்தையோ சித்தப்பாவோ உள்ள ஒரு பிள்ளை, தியேட்டரே கூச்சல் போடும்போது யாரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்? நிறம், இனம் எல்லாம் பேசுங்கள், அவசியம்தான். இந்தப் பிள்ளையையும் கணக்கில் சேருங்கள்.

பேய்க்கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயப்படுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தச் சிறுமியிடமும் ஒரு கதை இருந்தது. புயலில் போன ரயில் மார்கழி ராத்திரியில் தண்ணீருக்கடியில் கூவிக்கொண்டு ஓடுமாம், ஜன்னலெல்லாம் விளக்கு எரியுமாம். பாட்டி சொன்னதாம்.

"உனக்குப் பயமா இல்லையா ஆத்தா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவுங்க எங்க ஊருக்குத்தான வந்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.