ஸ்லைடு எல்லாருக்கும் போய்ச் சேர: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அடுத்த வாரம் நான் பேசப்போகும் கூட்டத்துக்குப் பார்வையற்றவர்கள் இருவர் வருகிறார்கள். ஸ்லைடில் இருப்பதை வரி விடாமல் வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். அப்படி வாசித்தால் பார்வை உள்ளவர்களும் தூங்கிவிடுவார்கள். திரையில் இருப்பதில் உங்கள் பேச்சுக்கு எது தேவையோ அது வாய்வழியாகவும் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். "இங்கேயிருந்து இங்கே வரை எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள்" என்கிறோமே, அந்த 'இங்கே'தான் வில்லன். "ஜனவரியில் 40, ஜூனில் 90, நடுவே மார்ச்சில் மட்டும் ஒரு சறுக்கல்" என்று சொன்னால் எல்லாருக்கும் படம் விளங்கிவிடும். புகைப்படம் என்றால், அதை ஏன் வைத்தீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். வெறும் அழகுக்கு வைத்த படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒத்திகைக்கு நான் செய்வது இது: ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்லைடைக் காட்டாமல் முழுவதையும் பேசிக்காட்டுவேன். அவர் "எது?" என்று கேட்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

கேள்வி: பார்வையற்ற ஒருவருக்கு ஸ்லைடு கோப்பை முன்கூட்டியே அனுப்பினேன். "தலைப்பே இல்லை, பாதி எழுத்து உளறுகிறது" என்று பதில் வந்தது. என் திரையில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

முன்கூட்டியே அனுப்பினீர்களே, பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதியில் இரண்டு நோய்கள் தெரிகின்றன.

முதலாவது, வெற்று ஸ்லைடை எடுத்து, டெக்ஸ்ட் பாக்ஸ்களை இஷ்டத்துக்கு ஒட்டியிருப்பீர்கள். பெரிய எழுத்தில் போட்டதால் உங்கள் கண்ணுக்கு அது தலைப்பு. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பெட்டி. லேஅவுட்டில் தலைப்புக்கென்று இருக்கும் இடத்தில் எழுதினால்தான் அது தலைப்பு. பவர்பாயிண்டில் அவுட்லைன் வியூவைத் திறந்து பாருங்கள்: அங்கே காலியாக இருக்கும் ஸ்லைடு, திரைவாசிப்பானில் கேட்பவருக்குப் பெயரில்லாத ஸ்லைடு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தலைப்பு கொடுங்கள். ஐந்து ஸ்லைடுக்கும் 'தொடர்ச்சி' என்று வைத்தால் எதில் இருக்கிறோம் என்றே தெரியாது. அப்புறம் வாசிப்பு வரிசை. கடைசியில் சேர்த்த பெட்டி மேலே இருந்தாலும் கடைசியில்தான் வாசிக்கப்படும். இதை செலக்‌ஷன் பேனில் (ஸ்லைடில் உள்ளவற்றைப் பட்டியலிடும் பலகத்தில்) மாற்றலாம். ஆனால் அங்கே பட்டியல் தலைகீழ்: அடியில் இருப்பதே முதலில் வாசிக்கப்படும். எனக்கே இது பழக நாளானது.

இரண்டாவது நோய் நம் மொழிக்கே உரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதில் கண்ணுக்குத்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. நீங்கள் 'அம்மா' என்று எழுதினால் திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. பிடிஎஃபாக அனுப்புவதானால் 'பிரிண்ட்' வழியே போகாமல் 'சேவ் ஆஸ்' வழியே போங்கள். பிரிண்ட் கொடுத்தால் தலைப்பு, மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எழுத்து) என்று நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

விண்டோஸ் கணினி இருந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, உங்கள் கோப்பை நீங்களே ஒருமுறை கேளுங்கள். பவர்பாயிண்டுக்குள்ளேயே ஒரு அணுகல்தன்மைச் சோதனை இருக்கிறது. மாற்று உரை இல்லாத படத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 'படம்3' என்று எழுதி வைத்தாலும் அது திருப்தி அடைந்துவிடும்.

கேள்வி: லாபத்துக்குப் பச்சை, நஷ்டத்துக்குச் சிவப்பு. இதில் என்ன தப்பு?

நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் "இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்கள்" என்றபோது முன்வரிசையில் ஒருவர் "எனக்கு இரண்டும் ஒரே காக்கி நிறம்" என்றார். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு உண்டு. மற்ற மக்களிடம் ஓரளவு குறைவு. நிறம் இருக்கட்டும், கூடவே இன்னொன்றும் இருக்கட்டும்: கோட்டின் மேலேயே பெயர், ஒன்றுக்குப் புள்ளிக்கோடு, நஷ்டத்துக்குக் கழித்தல் குறி. ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தும் புரிந்தால் சரி.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்), இணைய அணுகல்தன்மை நெறிமுறைப்படி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கும். புரொஜெக்டரில் அது ஆவியாகிவிடும்.

கேள்வி: கேப்ஷன் தானாகவே ஓடுகிறதே, சைகைமொழி பெயர்ப்பாளர் எதற்கு?

சைகைமொழியையே தாய்மொழியாகக் கொண்டவருக்கு, ஓடும் எழுத்து இரண்டாம் மொழி. செவித்திறன் பிற்பாடு குறைந்தவருக்கோ சைகைமொழியே தெரியாமல் இருக்கலாம். அவருக்குக் கேப்ஷன்தான் கை கொடுக்கும். ஆகவே ஒன்று இன்னொன்றுக்கு மாற்றல்ல. தானியங்கிக் கேப்ஷன் ஆள்பெயரையும் துறைச்சொல்லையும் கடித்துக் குதறும் என்பதையும் மறக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளருக்கு ஸ்லைடுகளை முன்பே கொடுங்கள். நீண்ட கூட்டமென்றால் இருவர் வேண்டும், மாறி மாறிச் செய்வார்கள். வீடியோ போடும்போது அறையை இருட்டாக்கி அவர்களை மறைத்துவிடாதீர்கள். புதிய ஸ்லைடு வந்ததும் சில விநாடி பேசாமல் இருங்கள். பார்வையாளரால் ஒரே நேரத்தில் திரையையும் கைகளையும் பார்க்க முடியாது.

கேள்வி: என் குரல் கணீரென்று இருக்கும். மைக் தேவையா?

தேவை. செவிப்புலன் கருவிக்கு ஒலியை நேரடியாக அனுப்பும் லூப் வசதி உள்ள அரங்கில், மைக்கில் பேசாதது அங்கே போய்ச் சேராது. கூட்டத்திலிருந்து கேள்வி வந்தால் அதை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள்.

கேள்வி: அனிமேஷன் வைக்கலாமா?

குறைவாக. விநாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்காதீர்கள். சிலருக்கு வலிப்பைத் தூண்டும். சுழன்று வரும் ஸ்லைடு மாற்றம் சிலருக்குத் தலைச்சுற்றல் தரும்.

கேள்வி: யாருக்கு என்ன தேவை என்று கேட்கச் சங்கடமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

"உங்களுக்கு என்ன குறைபாடு?" என்று கேட்டால்தான் சங்கடம். பதிவுப் படிவத்தில் "நிகழ்ச்சியில் முழுமையாகப் பங்கேற்க உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை?" என்று ஒரு வரி சேருங்கள். கடைசித் தேதியும் போடுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஒரே நாளில் கிடைக்கமாட்டார். அதே கேள்வியைப் பேச்சாளர்களிடமும் கேளுங்கள். பார்வையாளர் வரிசைக்குச் சாய்தளம் போட்டுவிட்டு, மேடைக்குப் படிக்கட்டு மட்டும் வைத்த அரங்கங்கள் நிறைய உண்டு.