அவள் போனால் ரிசீவ் யார் எடுப்பது?

(அமெரிக்கக் கல்லூரி வாலிபால் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அங்கே செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஆடி, பிறகு உதவிப் பயிற்சியாளராக இருந்த நம் பத்தியாளரின் பதில்கள்.)

கேள்வி: நானும் என் மனைவியும் எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் மேட்ச் ஒன்றையும் தவறவிடுவதில்லை. எங்கள் முக்கியமான அவுட்சைட் ஹிட்டர் (இடது ஓரத்திலிருந்து அடிப்பவர்), இரண்டாம் ஆண்டு மாணவி, டிசம்பரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்களின் பட்டியல்) பெயர் கொடுத்துவிட்டார். செட்டுக்கு மூன்றரை கில் (நேரே புள்ளி தரும் அடி) அடித்தவர். அடுத்த சீசன் அவ்வளவுதானா?
— ஒரு ரசிகர், இந்தியானா

பதில்: முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் பின்வரிசைக்குப் போகிற நேரத்தில் வெளியே வந்து உட்கார்வாரா, இல்லை ஆறு ரொட்டேஷனும் (ஆட்டக்காரர்கள் ஓர் இடம் நகரும் சுற்று) உள்ளேயே நிற்பாரா? கில் கணக்கைப் புள்ளி சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், இதைக் காணோம். குறை சொல்லவில்லை. அடிக்கிற கையைத்தான் யாருடைய கண்ணும் தேடும். நான் செட்டர். பந்து எனக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதிலேயே இருபது வருடம் போய்விட்டது.

மூன்றரை கில்லைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். செட்டர் அந்தப் பந்துகளில் கொஞ்சத்தை வலப்பக்கம் அடிக்கும் ஆப்போசிட்டுக்குத் தருவார், கொஞ்சத்தை நடுவில் அடிக்கும் மிடிலுக்கு, மிச்சத்தைப் புதிதாக வருகிற பெண்ணுக்கு. அடிக்கும் சதவீதம் சற்று இறங்கும், சமாளித்துவிடுவார்கள். எதிரணியின் சர்வீஸை எடுப்பது, அதாவது ரிசீவ், அப்படியல்ல. பெரும்பாலான அணிகளில் அது மூன்று பேரின் வேலை: லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடுபவர்), இரண்டு அவுட்சைட் ஹிட்டர்கள். அதில் ஒருவர் போனால் மூன்றில் ஒரு பங்குத் தரை புதியவரின் தலையில் விழுகிறது. எதிரணிக்காரர்கள் இதை முதல் செட்டிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் அத்தனை சர்வீஸும் அந்தப் பெண்ணுக்கே போகும். உதவிப் பயிற்சியாளராக நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். கிளிப்போர்டால் கையை மறைத்துக்கொண்டு, எந்த மண்டலத்துக்கு அடிக்க வேண்டும் என்று விரலால் எண் காட்டுவேன். பாவம்தான், ஆனால் சம்பளம் அதற்குத்தான்.

பெஞ்சில் இருந்தபடி ஒவ்வொரு ரிசீவுக்கும் மதிப்பெண் போடுவோம். 3 என்றால் செட்டர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கலாம். 2 என்றால் மிடிலுக்குப் போடுவது சிரமம். 1 என்றால் எங்கோ ஓடிப்போய் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிவிட்டுக் கும்பிட வேண்டியதுதான். 0 என்றால் ஏஸ், சர்வீஸிலேயே எதிரணிக்குப் புள்ளி, கதை முடிந்தது. இந்தச் சராசரி 2.2 இலிருந்து 1.9க்கு இறங்கினால் கேலரியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. "இன்றைக்கு மிடில் இரண்டு பேரும் சரியில்லை" என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்களும் பேசியிருப்பீர்கள்.

சரி, யாரை வைத்து அடைப்பது? ஆறு ரொட்டேஷனும் நின்றவர் போனால் பல கோச்சுகள் அந்த இடத்தை இரண்டாகப் பிளப்பார்கள். முன்வரிசைக்கு அடிக்கத் தெரிந்த ஒருவர், பின்வரிசைக்கு ரிசீவ் தெரிந்த ஒருவர். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 15 முறை ஆளை மாற்றலாம் என்பதால் இது முடிகிறது. சர்வதேச ஆட்டத்தில் 6 தான், அங்கே இந்த வித்தை நீண்ட நேரம் ஓடாது. 2024 முதல் ஒரு செட்டுக்கு இரண்டு லிபரோக்களைக் குறிப்பிடவும் கல்லூரி ஆட்டத்தில் அனுமதி உண்டு (களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்). ஆக, ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இங்கேதான் 18 என்ற எண் குறுக்கே வருகிறது. முன்பு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் முதல்தரப் பிரிவு) பெண்கள் அணிக்கு 12 முழு உதவித்தொகை என்பது வரம்பு. அதற்கு மேல் சொந்தச் செலவில் படிக்கிற பெண்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்காகத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், ஆள் வரம்பு வந்துவிட்டது: 18. இரண்டு செட்டர், நான்கு மிடில், ஐந்து அவுட்சைட், இரண்டு ஆப்போசிட், நான்கு பின்வரிசை ஆட்டக்காரர்கள் என்று போட்டாலே 17. அந்த இரண்டு செட்டரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் பயிற்சியில் ஆறுக்கு ஆறு ஆடுவதே பெரும்பாடு. "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓரத்தில் ஒரு முதலாண்டுப் பெண்ணை வைத்து வளர்க்கும் வசதி இப்போது குறைவு.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, அவர் கிளம்பியது டிசம்பரில். பெண்கள் சீசன் ஆகஸ்டு கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. டிசம்பரில் இடம் காலியானால் மாற்று ஆள் ஜனவரியில் வகுப்பில் சேர்ந்து, வசந்தகாலப் பயிற்சி முழுவதும் செட்டரோடு இருப்பார். மே மாதத்தில் ஒருவர் கிளம்பினால்தான் தலைவலி. ஆகஸ்டில் முதல் மேட்சுக்கு முன் சில வாரப் பயிற்சிதான் கிடைக்கும். வேகமாகத் தரும் பந்தை அடிக்க மிடில் குதிக்கும்போது பந்து இன்னும் செட்டரின் கையில்தான் இருக்கும். அந்த நம்பிக்கை சில வாரத்தில் வராது.

போர்ட்டலில் பெயர் கொடுத்தவர் மனம் மாறி அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பச் சேர்த்துக்கொள்வது கல்லூரியின் விருப்பம். அப்புறம், அதே கதவு வழியாக உங்களுக்கும் ஒருவர் வரலாம். 2024 சாம்பியன் பென் ஸ்டேட் அணியின் முன்னணி ஹிட்டர் ஜெஸ் மிரூசிக், மிச்சிகனிலிருந்து மாறி வந்தவர். மிச்சிகன் ரசிகர்கள் அன்று உங்களைப் போலத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: என் மகள் டிவிஷன் 1 அணியில் உதவித்தொகையோடு ஆடுகிறாள். ஒரு மாதமாக ஃபோனில் அழுகை. "எனக்குப் போதும்மா, நாளைக்கே கோச்சிடம் விலகுகிறேன் என்று சொல்லப் போகிறேன்" என்கிறாள். நாங்கள் ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்வது?
— ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அம்மா, ஊருக்குச் சொன்னதை ஊரே மறந்துவிடும். அதை விடுங்கள். மகளிடம் இன்று இரவே சொல்லுங்கள்: முடிவு எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் "விலகுகிறேன்" என்ற வார்த்தையை நாளைக்கு வாயிலோ மின்னஞ்சலிலோ விட வேண்டாம்.

காரணம் இருக்கிறது. ஆட்டக்காரர் தானாக அணியை விட்டு விலகினால் கல்விஆண்டின் நடுவிலேயே விளையாட்டு உதவித்தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு விதி இடம் தருகிறது. போர்ட்டலில் பெயர் போடச் சொல்லி எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதற்கான காலம் திறந்திருக்க வேண்டும், அடுத்த பருவத்துக்கான பணத்தைக் கல்லூரி நிறுத்தவும் கூடும். உடம்போ மனமோ சரியில்லை என்று அணி மருத்துவரிடம் போவது மூன்றாவது வழி. உடல்நலம், மனநலம் காரணமாக ஆட முடியவில்லை என்பதற்காக உதவித்தொகைக் காலத்தின் நடுவில் பணத்தைக் குறைக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதியே சொல்கிறது. மூன்றுமே அழுகிற பெண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். காகிதத்தில் ஒன்றல்ல.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டாம் ஆண்டு, அக்டோபர் மாதம், வெளியூர் மேட்சில் தோற்று பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோச் முன்சீட்டில். எழுந்து போய், "என்னால் இனி முடியாது, நான் விலகுகிறேன்" என்றேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, "சரி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை லாக்கரில் என் பெயர் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்திருந்தார்கள், பசை மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் நிதியுதவி அலுவலகத்திலிருந்து கடிதம். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது இரண்டு வாரத் தூக்கம். அதைக் கேட்கத் தெரியாமல் வேறு எதையோ கேட்டுவிட்டேன். கோச்மேல் பல வருடம் கோபம் இருந்தது. பிறகு நானே பயிற்சியாளராகி, பஸ்ஸில் ஒரு பெண் அதே வார்த்தையோடு என் முன் வந்து நின்றபோது, "திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்து சொல்" என்று அனுப்பிவிட்டேன். அவள் வந்தாள். வந்து, விலகத்தான் செய்தாள். ஆனால் செமஸ்டரை முடித்துவிட்டு, பணம் எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு விலகினாள்.

பணம் நின்றுவிட்டாலும் விசாரணை கேட்டு முறையிட உரிமை உண்டு. அந்தக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள், அழுகையில் யாரும் இரண்டாம் பத்தியைப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. இன்னொன்று, ஐந்து ஆண்டுக் கடிகாரம்: டிவிஷன் 1இல் ஆடி முடிக்கக் கிடைக்கும் காலம். முழுநேர மாணவியாகச் சேர்ந்த அன்றே அது ஓடத் தொடங்கிவிடும். அணியை விட்டு வீட்டில் இருந்தாலும் அது நிற்காது. பின்னால் வேறு டிவிஷன் 1 அணிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். டிவிஷன் 3இல் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, அங்கே ஆடும் பெண்கள் ஆட்டம் பிடித்துத்தான் ஆடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அதுவே மருந்தாக இருந்தாலும் இருக்கும்.

ஆட வேண்டாம் என்பதுதான் அவள் முடிவு என்றால், ஆட வேண்டாம். இத்தனை வருடம் காரை ஓட்டிச் சென்று ஜிம் வாசலில் விட்டீர்களே என்று மட்டும் கணக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவன். அணியை விட்டு விலகினால் விசா போய்விடும் என்று அறைத்தோழன் பயமுறுத்துகிறான். உண்மையா?
— ஒரு மாணவர்

பதில்: விசா உங்கள் படிப்போடு கட்டியது, அணியோடு அல்ல. இளநிலை மாணவர் பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்து முழுநேரமாகப் படிக்கும்வரை அந்தஸ்து இருக்கும். சிக்கல் பணத்தில். உங்கள் ஐ-20 படிவத்தில் (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று) விளையாட்டு உதவித்தொகையைப் படிப்புச் செலவுக்கான பணமாகக் காட்டியிருந்தால், அது நின்றதும் வேறு பணம் காட்ட வேண்டிவரும். வேறு கல்லூரிக்கு மாறினால் புதிய ஐ-20 வேண்டும், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவையும் மாற்ற வேண்டும். கோச்சைப் பார்ப்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பாருங்கள். அறைத்தோழனைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கேள்வி: ஆண்கள் அணிக்கும் இதே கணக்கா?
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: ஆள் வரம்பு அங்கும் 18. மற்றது வேறு. ஆண்கள் சீசன் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும். பழைய வரம்பு வெறும் 4.5 உதவித்தொகை, அதை அணி முழுக்கப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்கள். பலருக்கும் கிடைத்தது புத்தகக் காசு. அதனால் அங்கே ஒருவர் விலகினால் வீட்டில் பண அதிர்ச்சி குறைவாக இருந்தது. வலை 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நீங்கள் அதைக் கேட்கவில்லை, சொல்லிவைத்தேன்.

கேள்வி: அக்கா, எங்கள் அணியின் அவுட்சைட் ஹிட்டர் விலகிவிட்டாள். அவள் என் அறைத்தோழி. அவளுடைய இடம் எனக்குத்தான் என்று கோச் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் இதற்காகத்தான் பெஞ்சில் காத்திருந்தேன். சந்தோஷப்படவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.
— ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: சந்தோஷப்படு, கண்ணு. திருட்டுத்தனமாக வேண்டாம், அவளுக்குத் தெரிகிற மாதிரியே. நீ குனிந்த தலையோடு அறைக்குள் வந்தால், அவள் தன் துக்கத்தோடு உன்னையும் சேர்த்துத் தேற்ற வேண்டியிருக்கும்.

அவள் இரண்டு வாரம் வாலிபால் பேச்சையே எடுக்காமல் இருந்தால் விட்டுவிடு. பிறகு ஒருநாள் நீ ஆட்டத்தைப் பற்றியே கேள். எப்படி இருக்கிறாய் என்று நூறு பேர் கேட்டிருப்பார்கள். நீ வேறு கேள்: இடது ஓரத்தில் ஐந்தாம் மண்டலத்தில் நிற்கும்போது, மிதந்து வந்து கடைசி நொடியில் இறங்குகிற அந்த ஃப்ளோட் சர்வீஸை எங்கே நின்று எடுத்தாய்? கோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே? எந்தக் கால் முன்னால்? லிபரோவோடு நடுவில் விழுகிற பந்துக்கு யார் குரல் கொடுப்பது என்று என்ன பேசி வைத்திருந்தீர்கள்?

இதெல்லாம் வீடியோவில் கிடைக்காது. அவள் எழுந்து நின்று, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் காலை வைத்துக் காட்டுவாள் பார்.