மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணை அப்படியே கூட்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்துகிறோம். இந்தப் பொங்கலுக்கு ஊரில் நடந்த கபடி ஆட்டத்தை நேரில் பார்த்து எழுதும் போட்டி வைத்தோம். ஆறு அணி, அணிக்கு நான்கு பேர். மூன்று நடுவர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள், எல்லாவற்றையும் கூட்டி அணிகளை வரிசைப்படுத்தினோம். ஒரு அணியில் ஒரு பிள்ளை காய்ச்சலால் வரவில்லை, அந்த இடத்துக்குப் பூஜ்யம் போட்டோம், அந்த அணி கடைசிக்குப் போய்விட்டது. முதல் பரிசு வாங்கிய அணிக்கு ஒரே ஒரு நடுவர்தான் அள்ளிப் போட்டிருந்தார் என்று இப்போது பேச்சு. அடுத்த போட்டிக்கு வரமாட்டோம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எப்படிப் போட்டிருக்க வேண்டும்? முடிவை மாற்றலாமா?

பதில்: நான் தர்மபுரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன், கபடிக் களத்தோரம் உட்கார்ந்து பல வருடம் ஸ்கோர் ஷீட்டும் எழுதியிருக்கிறேன், அதனால் உங்கள் கேள்வி எனக்கு இரண்டு பக்கமும் நெருக்கமானது. 2004-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும் கபடிக்குத் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இன்னும் ஒரே ஊர்தான்.

உங்கள் நடுவர்கள் யாரும் தப்பு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. தப்பு கூட்டலில் இருக்கிறது. மூன்று பேர் நூற்றுக்கு மதிப்பெண் போட்டால் மூன்று பேருக்கும் சம பலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. யார் மதிப்பெண்ணை அகலமாக விரித்துப் போடுகிறாரோ அவர்தான் முடிவை எழுதுகிறார்.

ஒரு தாளை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். நான்கு கட்டுரை: அ, ஆ, இ, ஈ. முதல் நடுவர் தமிழாசிரியர், கை இறுக்கம், வரிசையாக 62, 60, 58, 56 போடுகிறார். இரண்டாமவர் பயிற்சியாளர், 70, 68, 66, 64. மூன்றாமவர் மனதுக்குப் பிடித்தால் வாரிக் கொடுப்பவர், 55, 60, 90, 40. இப்போது கூட்டினால் அ 187, ஆ 188, இ 214, ஈ 160. 'இ'-க்கு முதல் பரிசு. ஆனால் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அந்தக் கட்டுரையை மூன்றாவது இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்! அதே இரண்டு பேரும் முதல் இடம் கொடுத்த 'அ' கடைசிக்கு முந்தைய இடத்துக்கு இறங்கிவிட்டது. இதில் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை, மூன்றாமவர் மனதாரப் போட்டதுதான், இருந்தாலும் மற்ற இரண்டு பேரின் உழைப்பு தண்ணீரில் கரைத்த மாதிரி ஆகிவிட்டது.

இது எனக்கே நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போனேன். தேர்வுத் தாள் திருத்திய பழக்கத்தில் எல்லோருக்கும் 48-க்கும் 60-க்கும் நடுவில்தான் போட்டேன், இன்னொருவர் 30 முதல் 95 வரை போட்டார். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு முறை படித்திருந்தேன். முடிவு வந்தபோது அது அவருடைய வரிசை அப்படியே. நான் படித்ததும் படிக்காததும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. ஏனென்றால் நான் முதலில் வைத்திருந்த பெண் அன்று வெறுங்கையோடு போனாள்.

நீச்சல் குளத்தில் டைவிங் போட்டியில் செய்வதுபோல மேலே ஒன்று, கீழே ஒன்று வெட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கே ஏழு நடுவர்கள், அதிகமான இரண்டையும் குறைவான இரண்டையும் நீக்கினாலும் மூன்று மிஞ்சும். உங்களிடம் இருப்பதே மூன்று பேர், வெட்டினால் மிஞ்சுவது நடுவில் உள்ள ஒரே எண். மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள், அ-வுக்கு 62, ஆ-வுக்கு 60, இ-க்கு 66, ஈ-க்கு 56 என்று வருகிறது. மறுபடியும் 'இ'தான் முதல். ஆகவே மூன்று பேருக்கு அந்த வழி உதவாது.

என் யோசனை இதுதான். நடுவர் போட்ட எண்ணைக் கூட்டாதீர்கள், அவர் கொடுத்த இடத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு நடுவரின் தாளிலும் அதிக மதிப்பெண்ணுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று இட எண் எழுதிக்கொண்டு, மூன்று நடுவர்களின் இட எண்களையும் கூட்டினால் குறைவானது முதல். நம் நான்கு கட்டுரைக்கு அ 5, ஆ 6, இ 7, ஈ 12. இரண்டு கட்டுரைக்கு ஒரே மதிப்பெண் வந்தால் இடத்தைப் பகிர்ந்து கொடுங்கள், உதாரணமாக 4, 5 இரண்டு இடத்துக்கும் இருவர் என்றால் ஆளுக்கு 4.5.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு கட்டுரை மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு இருந்தாலும் அதற்குக் கிடைப்பது 1 என்ற இடம்தான், எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறது என்பது மறைந்துவிடும். அந்த தூரமும் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நடுவருக்கும் அவர் போட்ட மதிப்பெண்களின் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அதைக் கழித்து, வந்ததை அவருடைய திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுத்து, அதைக் கூட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் எக்ஸெல் தெரிந்த பிள்ளை பத்து நிமிடத்தில் போட்டுவிடும். நம் கணக்கில் அ 2.34, ஆ 0.83, இ 0.69, ஈ -3.85 என்று வரும், அதாவது வரிசை மாறவில்லை, ஆனால் 'ஆ'வும் 'இ'யும் எவ்வளவு நெருக்கம் என்பது தெரிகிறது. உங்களுக்கு நான் இட எண் முறையையே சொல்வேன். பரிசு கிடைக்காத பிள்ளை தானே பென்சிலால் கூட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும், அது எனக்கு முக்கியம். ஒன்று மட்டும் கவனம், எல்லா நடுவர்களும் எல்லாக் கட்டுரையையும் படித்தால்தான் இந்த இரண்டு முறையும் நிற்கும். ஆளுக்கு எட்டு என்று கட்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

சரி, அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போடுவது எழுத்துக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை, காய்ச்சலுக்குக் கொடுத்த தண்டனை. அப்படியென்றால் சராசரி எடுக்கலாமா? எடுத்தால் அடுத்த முறை கெட்டிக்கார அணித்தலைவர் நன்றாக எழுதும் ஒருவரை மட்டும் அனுப்பி மற்றவர்களை வீட்டில் உட்கார வைத்துவிடுவார். அமெரிக்கக் கல்லூரிகளில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி என்கிற மேடு பள்ள நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் ஐந்து பேரின் இட எண்ணை மட்டும் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். உங்கள் அளவுக்கு இதை நான்கு பேர் எழுதி மூன்று பேர் கணக்கு என்று சுருக்கலாம், ஒருவர் வராவிட்டாலும் அணி சாகாது. ஆனால் நான்கில் நல்ல மூன்றைப் பொறுக்குகிற அணிக்கும், இருப்பதே மூன்று என்கிற அணிக்கும் நடுவில் ஒரு சின்ன ஏற்றத்தாழ்வு இருந்துகொண்டே இருக்கும்.

அதைச் சரிசெய்ய 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடை நினைத்துக்கொள்ளுங்கள். அணியில் ஐந்து பேர், ஆனால் ஒரு சுற்றில் நான்கு பேர்தான் ஆடுவார்கள், யார் யார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நீங்களும் அப்படியே, எழுதத் தொடங்கும் முன் அணிக்காக எண்ணப்படும் மூன்று பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், நான்காமவர் மாற்று. மூவரில் ஒருவர் வராவிட்டால் அவர் இடத்துக்கு மாற்று வருவார். மாற்றாக இருக்கிற பிள்ளை மனம் நோகாமல் இருக்க, தனிநபர் பரிசு ஒன்று வைத்து அதில் எல்லோருடைய கட்டுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள், இல்லையென்றால் நான்காவது ஆள் அடுத்த முறை வரமாட்டார். இரண்டு அணி சமமாக வந்தால் எந்த அணியின் தனிச் சிறந்த கட்டுரை முன்னால் இருக்கிறதோ அதற்குக் கொடுங்கள்.

மதிப்பெண்ணை எதற்குப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சண்டையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. 'கருத்து 50, நடை 50' என்று வைத்தால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம். நான் போட்டால் தகவல் சரியா என்பதற்கு 25, கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறாரா என்பதற்கு 35, கட்டுரையின் போக்குக்கு 20, மொழிக்கு 20, அதில் எழுத்துப்பிழைக்கு 10-க்கு மேல் வெட்டக் கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், ர-வும் ற-வும் மாறியதற்காக ஒரு நல்ல கண் தோற்றுப்போகக் கூடாது. ஊர்ச்சொல்லுக்கும் வெட்டாதீர்கள். எருது விடும் விழாவை எழுதுகிற பிள்ளை 'தட்டி' என்று எழுதினால் அது கொம்பில் கட்டுகிற அலங்காரத் தட்டிதான், வெளியூர் நடுவருக்குப் புரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

தகவலுக்கு மதிப்பெண் போட நடுவரின் கையில் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் நகல் இருக்க வேண்டும். ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 'எதிரே நான்கு பேர்தான் நின்றார்கள், ரெய்டர் கால் நுனியால் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி எடுத்துத் திரும்பினார்.' படிக்க அழகு. ஆனால் எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டு, ஆகவே அது நடந்திருக்கவே முடியாது. இதற்குப் பக்கத்தில் 'மூன்று பேர் மிச்சம், மூலையில் நின்ற பையன் கணுக்காலைப் பிடித்த பிடியை விடவில்லை, சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி' என்று ஒருவர் எழுதியிருந்தால், மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரைப் பிடிப்பதுதான் சூப்பர் டேக்கிள் என்பதால், அவர் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார், விதியையும் தெரிந்து வைத்திருக்கிறார். இந்த வித்தியாசம் தெரியாத நடுவர் முதல் கட்டுரைக்கே அதிகம் போடுவார்.

அப்புறம், பெயரை மறையுங்கள். கட்டுரைக்கு எண் மட்டும், பெயர்ப் பட்டியல் நடுவர் அல்லாத ஒருவரிடம். 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கிலேயே விளையாட்டைப் பற்றிய இலக்கியத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள், 1912-ல் ஸ்டாக்ஹோமில் தங்கம் வாங்கிய கவிதை இரண்டு புனைபெயர்களில் வந்தது, எழுதியவரோ நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தென். அவர் சொந்தப் பெயரில் அனுப்பியிருந்தால் எந்த நடுவரால் மனம் விட்டுப் படித்திருக்க முடியும்? ஊருக்குள் கையெழுத்தைப் பார்த்தே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் முடிந்தால் தட்டச்சு செய்து கொடுங்கள். தன் பிள்ளையோ தான் டியூஷன் எடுக்கும் பிள்ளையோ எழுதுகிறது என்றால் அவர் நடுவராக வேண்டாம், வேறு வேலை நிறைய இருக்கிறது. கட்டைக் கொடுக்கும்போது மூன்று பேருக்கும் மூன்று விதமாகக் கலைத்துக் கொடுங்கள், முதலில் படிப்பதற்குக் கை இறுகும், இருபதாவது கட்டுரைக்கு வரும்போது கண் சோர்ந்துவிடும், அந்தப் பாரம் ஒரே பிள்ளையின் மேல் விழக் கூடாது. தொடங்கும் முன் போட்டியில் இல்லாத மூன்று பழைய கட்டுரைகளை மூவரும் தனித்தனியாகத் திருத்தி, டீ குடித்துக்கொண்டே ஏன் இப்படிப் போட்டோம் என்று அரை மணி நேரம் பேசினால் பெரிய வித்தியாசம் அங்கேயே பாதி குறைந்துவிடும்.

முடிவை மாற்றலாமா என்றால், மாற்றாதீர்கள். கூட்டித்தான் போடுவோம் என்று தெரிந்தே எல்லோரும் எழுதினார்கள், கொடுத்த கோப்பையைத் திரும்ப வாங்கினால் அந்த நான்கு பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யாமல் தலைகுனிவார்கள். ஆனால் வராதவருக்குப் பூஜ்யம் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் அது வேறு. அந்த அணியை நேரில் கூப்பிட்டு, எங்கள் விதியில் இது இல்லை, நாங்கள் செய்தது தப்பு என்று சொல்லுங்கள், மூன்று கட்டுரையை மட்டும் கணக்கிட்டால் அவர்கள் எந்த இடத்தில் வந்திருப்பார்கள் என்பதை எழுதிக் கையில் கொடுங்கள். அப்படியே 23 கட்டுரைகளுக்கும் மூன்று நடுவர்கள் போட்ட 69 எண்களையும், பெயர் இல்லாமல், கட்டுரை எண்ணோடு சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த போட்டியின் விதியை அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், பிள்ளைகள் பழைய எண்களைப் புது முறையில் போட்டுப் பார்க்கட்டும்.