மிதவையைக் குட்டியாக நினைக்கும் நாய்

கேள்வி: எங்கள் கன்னி இன நாய்க்கு மூன்று வயது. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்தது, வெளியே விடவே இல்லை. இப்போது தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நேரத்தில் கொல்லையில் மணலைப் பறித்துப் படுத்துக்கொண்டு, பழைய வலை மிதவை ஒன்றை வயிற்றோடு அணைத்து நக்கிக்கொண்டே இருக்கிறது. காம்பில் பால் கசிகிறது. மிதவையை எடுக்கப் போன பேரனைப் பார்த்து உறுமியது. ஏங்கிப்போச்சு, ஒருதடவை ஆண் நாயோடு சேர்த்துவிடு என்கிறார்கள். பாலைக் கறந்துவிடு, மல்லிகைப்பூ வைத்துக் கட்டு என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, மண்டபம்

பதில்: ஏக்கமும் இல்லை, கோளாறும் இல்லை அம்மா. இது பொய்ச்சினை. பெட்டை நாய் ஹீட்டுக்கு வந்துபோனால், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுமார் இரண்டு மாதம் ஏறித்தான் இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். நீங்கள் சொல்லும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாயின் சினைக்காலமும் ஏறக்குறைய 63 நாள்தான். அதாவது குட்டி போட வேண்டிய நேரத்தில் குட்டி இல்லாமலே தாயாகி நிற்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும்.

பாலைக் கறக்கவே கறக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். காம்பைத் தொடத் தொடப் புரோலாக்டின் கூடும், பாலும் கூடும். மல்லிகைப்பூவும் அப்படித்தான், கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அந்த இடத்தையே சீண்டிக்கொண்டிருப்போம். நாயே விடாமல் நக்கினால் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டிவிடுங்கள். அது வாக்கிங் போன நேரம் பார்த்து மிதவையை எடுத்து ஒளித்துவிடுங்கள், நேருக்கு நேர் பிடுங்க வேண்டாம், பேரனை அந்தப் பக்கமே விடாதீர்கள், உறுமும் நாய் கடிக்கவும் செய்யும். காலையும் மாலையும் நன்றாக நடக்க விடுங்கள். பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், உங்கள் ஊர் வெயிலில் அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சேர்த்துவிட்டால் சரியாகும் என்பது சுத்தப் பொய். குட்டி போட்ட நாய்க்கும் அடுத்த ஹீட்டுக்கு அப்புறம் இது வரும்.

ரொம்ப முற்றினால் டாக்டர் புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மருந்து தருவார். உண்மையிலேயே சினையாக இருந்தால் அது கருவைக் கலைத்துவிடும், அதனால் முதலில் ஸ்கேன். வாந்தி எடுத்தால் மெடிக்கலில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது புரோலாக்டினை இன்னும் ஏற்றும்.

எனக்குப் பயம் வேறு ஒன்றில்தான். இதே காலகட்டத்தில்தான் கர்ப்பப்பையில் சீழும் பிடிக்கும். பின்பக்கம் நாற்றத்தோடு ஒழுகுவது, குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, காய்ச்சல், வாந்தி, சுருண்டு படுப்பது, இதில் எதைப் பார்த்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில நாய்க்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும், ஒழுகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மடி சிவந்து சூடாகக் கட்டிக்கொண்டாலும் காட்டிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் நாய்க்கும் இதேதான். இப்போதே கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துவிடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: செய்யுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். பால் இருக்கும்போது செய்தால் இந்தக் குணம் மாதக்கணக்கில் நீளக்கூடும். எல்லாம் அடங்கி, ஹீட் முடிந்து மூன்று நான்கு மாதம் ஆன பிறகு டாக்டரிடம் தேதி வாங்குங்கள்.