முன்னால் போனவர் என்ன சொன்னார்?

கேள்வி: கேப்டன் சார், விமானத்தின் மூக்கிலேயே வானிலை ரேடார் இருக்கிறது. அப்படியிருக்க, தரையில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் 'எதிரே மழை' என்று சொல்வதால் பைலட்டுக்கு என்ன லாபம்? சும்மா சம்பிரதாயமா?

பதில்: சம்பிரதாயம் இல்லை. ஆனால் அவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று தெரிந்திருக்க வேண்டும். கன்ட்ரோலரின் முதல் வேலை, விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. வானிலை சொல்வதெல்லாம் கை ஒழிந்தால்தான். இடிமழை நாளில் ஆளாளுக்கு வழி மாற்றிக் கேட்கும்போது அவருக்குக் கை எங்கே ஒழியும்? நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அவரிடமிருந்து வரும் தகவல் குறையும்.

'12 மணித் திசை, 30 மைல், கனமழை' என்பார். 12 மணி என்றால் நேர் எதிரே. ஜெட் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 8 மைல் பறக்கிறது. ஆக, நாலு நிமிடத்துக்குள் மழையின் வாசலில் நிற்போம். அவர் திரையில் விழுவது மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலை மட்டும். மேகம் தெரியாது, டர்புலன்ஸ், அதாவது விமானத்தைக் குலுக்கும் காற்றுக் கொந்தளிப்பும் தெரியாது. அதனால் 'கனமழை' என்று அவர் சொன்னால் மழையின் அளவைச் சொல்கிறார், அவ்வளவுதான். விமானம் எவ்வளவு குலுங்கும் என்று அவருக்குத் தெரியாது.

நம் ரேடார் மட்டும் என்ன, முழுசா? அருகில் அடர்ந்த மழை இருந்தால் அலை அதிலேயே கரைந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பது திரையில் கறுப்பாக, காலி இடம்போல் தெரியும். புதிதாக வந்த கோ-பைலட்டுகள் 'அதோ வழி இருக்கிறது சார்' என்று விரல் நீட்டுவது பெரும்பாலும் அந்தக் கறுப்பைத்தான். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் 242-ஆம் எண் விமானம் இடிமழைக்குள் மாட்டிக்கொண்டது. மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோக, நெடுஞ்சாலையில் இறங்கப் பார்த்து நொறுங்கியது. கேப்டன் தன் ரேடாரை நம்பி இடிமழைப் பகுதிக்குள் போனதை விசாரணை அறிக்கை குறை சொன்னது. அதோடு நிற்கவில்லை. நிறுவனம் புதிய வானிலைத் தகவல் தராததையும், அபாயத் தகவலை உடனுக்குடன் சொல்ல ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அமைப்பில் வசதி இல்லாததையும் சேர்த்தே எழுதியது. வேறு கோணத்திலிருந்து பார்க்கும் தரை ரேடாருக்கு, நமக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் இருப்பதும் தெரியலாம். லாபம் என்று கேட்டீர்களே, இது ஒன்று.

இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. முன்னால் போன பைலட்டின் அனுபவம் பெரும்பாலும் கன்ட்ரோலர் வழியாகத்தான் நமக்கு வருகிறது. நான் ரேடியோவில் 'மழை எவ்வளவு?' என்று கேட்பதைவிட, 'முன்னால் போனவர்கள் எந்தப் பக்கம் விலகினார்கள், எப்படி இருந்ததாம்?' என்றுதான் கேட்பேன். அதிலும் எந்த ரக விமானம், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய விமானத்துக்கு லேசான ஆட்டம், சிறியதற்குப் பல்லைக் கடிக்கும் ஆட்டம்.

இந்தத் தகவலைக் கேட்டும் கேளாமல் விட்டால் என்ன ஆகும்? 1975 ஜூன் 24, நியூயார்க் கென்னடி விமான நிலையம். தரையிறங்கிய ஒரு சரக்கு விமானத்தின் கேப்டன், 'ரன்வேக்கு முன் காற்று மோசமாக மாறுகிறது, ரன்வேயை மாற்றுங்கள்' என்றார். கன்ட்ரோலரிடம் இருந்த காற்றுமானியோ, காற்று ரன்வேக்கு நேராகத்தான் வீசுகிறது என்று காட்டியது. மானி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அது தரையில் ஓர் இடத்துக் காற்று. அடுத்து ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் ஒன்று இறங்க முடியாமல் மேலேறிப் போனது. அப்புறமும் அதே ரன்வேதான். சில நிமிடங்களில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம், ஈஸ்டர்ன் 66, ரன்வேயை எட்டாமலே விழுந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வானிலை ஆய்வாளரான பேராசிரியர் ஃபுஜிடா இந்த விபத்தை ஆராய்ந்துதான், மேகத்திலிருந்து கீழே கொட்டிப் பரவும் காற்றைப் பற்றி விளக்கினார். ரன்வேயைச் சுற்றிப் பல இடங்களில் காற்றுமானி வைக்கும் ஏற்பாடும் இதற்குப் பிறகு வந்ததுதான்.

கேள்வி: சிறிய விமானங்களில் ரேடார் இருக்காதே. டேப்லெட்டில் வரும் வானிலைப் படம் போதுமா?

பதில்: தொலைவில் எந்தப் பக்கம் தவிர்க்கலாம் என்று திட்டமிடப் போதும். இரண்டு மேகங்களுக்கு நடுவே நுழைந்து போக உதவாது. படத்தில் '2 நிமிடம் முன்பு' என்று போட்டிருந்தாலும், உள்ளிருக்கும் தகவல் சில சமயம் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் எச்சரித்தது. அதற்குள் இடிமேகம் இடம் மாறி, ஆளும் மாறியிருக்கும்.

கேள்வி: கன்ட்ரோலர் 'அந்த வழியாகவே போங்கள்' என்றால் போய்த்தான் ஆகவேண்டுமா?

பதில்: 'முடியாது' என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு. சொல்லிவிட்டு, '20 மைல் வலப்பக்கம் விலக வேண்டும்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் வேறு விமானம் இருக்கிறதா என்பது அவருக்குத்தானே தெரியும்? காத்திருக்கவே முடியாத நிலை என்றால் அவசரநிலையை அறிவித்துத் திரும்பிவிடலாம். விதிகளிலேயே அதற்கு இடம் உண்டு. பிறகு எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.