கேளுங்க, சொல்றேன்: கேமராவத் தொடாம சினிமா படிக்க முடியுமா?

கேள்வி: சார், டிகிரி முடிக்கப்போறேன், ஃபிலிம் ஸ்கூல்ல சேரணும்னு ஆசை. அப்பா "அசிஸ்டென்ட் டைரக்டரா சேந்துட்டாப் போதும், க்ளாஸ்ல உக்காந்தா சினிமா வருமா?"ங்கறார். என்ன பண்ண? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: தம்பி, க்ளாஸ்ல உக்காந்தா சினிமா வராதுதான், அப்பா சொல்றது நிஜம். ஆனா நல்ல ஃபிலிம் ஸ்கூல்ல உக்கார விடவே மாட்டாங்க. முதல்ல குடுக்கற எக்சர்சைஸ் இவ்ளோதான்: ஒருத்தர் கதவத் திறந்து உள்ள வரணும், சேர்ல உக்காரணும், எதிர்ல இருக்கறவர்கிட்ட ரெண்டு வரி பேசணும். அஞ்சு நிமிஷ வேலைன்னு தோணும். எடிட்ல போட்டுப் பாத்தா, வெளில வலது கையால கதவத் தள்ளினவர் உள்ள வர்றப்போ இடது கையால தள்ளிட்டு வருவார், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம ஒரே பக்கம் பாத்துப் பேசிட்டிருப்பாங்க, ஏன்னா பேசற ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கறதா நினைச்சுக்கிட்டு அதுக்கு ஒரே பக்கம் நின்னு எடுக்கணும், கேமரா அந்தக் கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. புக்ல பத்து தடவ படிச்சிருப்போம், ஆனா நம்ம எடுத்த ஷாட் ஸ்க்ரீன்ல தப்பா நிக்கறப்போதான் உறைக்கும். பெரிய செட்ல அசிஸ்டென்ட்டா நின்னாலும் நிறைய கத்துக்கலாம், அத நான் குறைச்சு சொல்லல. ஆனா அங்க உங்க ஷாட்ட நீங்களே தப்பா எடுத்து, நீங்களே திருத்தற வாய்ப்பு கிடைக்க வருஷக்கணக்காகும்.

இன்னொண்ணு சொல்றேன். நான் படிச்சப்போ ஒரு வீட்ல ஷூட் பண்ணோம், டேக் நல்லா போகுது, ஆனா ஹெட்ஃபோன்ல ஃப்ரிட்ஜ் 'ஊம்'ங்குது. சவுண்ட் பண்ணின பையன் எழுந்து போய் ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு, தன் பைக் சாவிய உள்ள வச்சு மூடிட்டு வந்தான். ஏன்டானு கேட்டா, "கிளம்பறப்போ சாவி தேடுவேன்ல, அப்ப ஃப்ரிட்ஜ ஆன் பண்ண ஞாபகம் வரும், அவங்க வீட்டுப் பால் கெடாது"ன்னான். அப்புறம் ஃபேனையும் நிறுத்திட்டு எல்லாரும் மூச்சு விடாம ஒரு நிமிஷம் நின்னோம், அந்த ரூமோட வெறும் அமைதிய ரெக்கார்ட் பண்ண, அது இல்லைன்னா எடிட்ல ஷாட் மாறற ஒவ்வொரு இடத்துலயும் சத்தம் குதிக்கும். இதெல்லாம் கூட நிக்கற ஆளுங்ககிட்டேர்ந்து ஒட்டிக்கறது.

அப்பாகிட்ட இதக் காட்டுங்க. சிதானந்த எஸ். நாயக் எம்பிபிஎஸ் படிச்ச டாக்டர், புனேல இருக்கற மத்திய அரசு ஃபிலிம் ஸ்கூல் எஃப்டிஐஐல ஒரு வருஷ டிவி கோர்ஸ்ல சேந்தார். டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்ட்னு நாலு பிரிவு ஸ்டூடன்ட்ஸ் ஒண்ணா சேந்து வருஷக் கடைசில பண்ற எக்சர்சைஸா ஒரு குட்டிப் படம் எடுத்தாங்க, ஒரு பாட்டி சேவலத் திருடிட்டதால ஊர்ல விடியாமயே போற நாடோடிக் கதை. 2024ல ஃப்ரான்ஸ்ல நடக்கற கான் திரைப்பட விழாவோட ஸ்டூடன்ட் பிரிவான லா சினேஃப்ல 555 ஃபிலிம் ஸ்கூல்லேர்ந்து 2,263 படம் வந்துச்சு, 18 செலக்ட் ஆச்சு, முதல் பரிசு இதுக்கு! மார்க்குக்காகப் பண்ணின எக்சர்சைஸ்ங்க அது, எனக்கு இன்னும் நினைச்சா புல்லரிக்குது.

கேள்வி: பொண்ணு டாக்குமென்ட்ரி எடுக்கப் படிக்கணும்கறா. யூனிவர்சிட்டில அப்படிப் படிப்பு இருக்கா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இருக்கும்மா. டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துல 1982ல ஆரம்பிச்ச மாஸ் கம்யூனிகேஷன் சென்டர் இருக்கு, எந்த டிகிரி முடிச்சவங்களும் என்ட்ரன்ஸ் எழுதி எம்.ஏ. சேரலாம். ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் அங்க படிச்சவங்கதான், உ.பி.ல பத்திரிகை நடத்தற தலித் பொண்ணுங்க கைல செல்போனோட நியூஸ் எடுக்கப் போறத வருஷக்கணக்கா கூடவே போய் எடுத்தாங்க, 'ரைட்டிங் வித் ஃபயர்', 2021ல அமெரிக்காவோட சன்டான்ஸ் திரைப்பட விழால ரெண்டு விருது, அடுத்த வருஷம் ஆஸ்கர் நாமினேஷன். அதுக்கு அடுத்த வருஷம் நாமினேட் ஆன 'ஆல் தட் ப்ரீத்ஸ்' எடுத்த ஷௌனக் சென்னும் அதே சென்டர்தான், அது டெல்லில அடிபட்டு விழற பருந்துங்களுக்கு வைத்தியம் பாக்கற அண்ணன் தம்பி கதை.

படிச்சு முடிச்ச உடனே மாசச் சம்பளம்னு எதிர்பாக்காதீங்க. முதல் சில வருஷம் எடிட்டிங், விளம்பரம், டிவின்னு கிடைச்ச வேலையப் பாத்துக்கிட்டேதான் சொந்தப் படம் எடுக்கணும், அதுக்கு வீட்ல தயாரானு உக்காந்து பேசிட்டு அனுப்புங்க.

கேள்வி: ப்ளஸ் டூ முடிச்ச உடனே சேர முடியுமா? கேமரா வாங்கிட்டுப் போகணுமா? (கரூர் வாசகர்)

பதில்: சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்துல நாலு வருஷ டிகிரி இருக்கு, ப்ளஸ் டூ போதும். கேமரா வாங்க வேணாம், அங்கயே இருக்கும். ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க. எங்க பேட்ச்ல ஒருத்தர் மூணு நாள் எடுத்தத ஒரே டிஸ்க்ல வச்சிருந்தார், அது டேபிள்லேர்ந்து கீழ விழுந்துச்சு, முழுசா திரும்ப எடுத்தோம், நடிச்ச பையன் அதுக்குள்ள முடி வெட்டிட்டு வந்து நின்னான்.