ஆண்ட்ரியா பொச்செல்லி, ஜோஷ் குரோபன்: இருவரில் யார் குரல் உங்களுக்குப் பிடிக்கும், ஏன்?

எனக்கு இத்தாலிக்காரர் பொச்செல்லியைவிட அமெரிக்கப் பாடகர் ஜோஷ் குரோபன்தான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரி என்னை விடவில்லை: “பொச்செல்லிதான் அசல், குரோபன் அவருக்கு டூப் போட வந்தவர் என்று அறை நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.” ஹாஸ்டலில் இருக்கிறீர்கள் போல. அவர்கள் நாலு பேர், நீங்கள் ஒற்றை ஆள். அதனால்தான் இங்கே வந்து ஆதரவு தேடுகிறீர்கள். தப்பே இல்லை, நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் டூப் கதையை முடித்துவிடுகிறேன். நடந்தது உண்மை. 1999 பிப்ரவரியில் கிராமி இசை விருது விழாவில் பாடகி செலின் டியானும் பொச்செல்லியும் சேர்ந்து ‘தி பிரேயர்’ பாட வேண்டும். ஒத்திகைக்குப் பொச்செல்லி இல்லை. டேவிட் ஃபாஸ்டர் என்ற தயாரிப்பாளர், லாஸ் ஏஞ்சலிஸ் பையன் ஒருவனைக் கூட்டிவந்து அவர் இடத்தில் நிறுத்தினார். பையனுக்கு 18 வயது நிறையச் சில நாள் பாக்கி. அதுதான் குரோபன்.

சரி, பொச்செல்லி எந்த வழியாக வந்தார் என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். 1992-ல் சுக்கேரோ என்ற இத்தாலிய ராக் பாடகருக்கு ‘மிசெரேரே’ என்ற பாட்டை, ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பெரிய பேர் வாங்கிய பவரோட்டியோடு சேர்ந்து பாட ஆசை. பவரோட்டிக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு தேவைப்பட்டது. அதில் பவரோட்டியின் பகுதியைப் பாட ஆள் தேடியபோது அகப்பட்டவர் பொச்செல்லி. சட்டம் படித்துவிட்டு பியானோ பார்களில் பாடிக்கொண்டிருந்தவர். பிறகு சுக்கேரோ கச்சேரிச் சுற்றுப்பயணம் போனபோதும் பவரோட்டியின் பகுதியைப் பாடியவர் இவர்தான். 1994-ல் சான்ரெமோ பாட்டுப் போட்டியில் புதுமுகங்கள் பிரிவில் ஜெயித்ததெல்லாம் அதற்குப் பிறகு. ஆக, டூப் போட்டவனுக்கு மதிப்பில்லை என்றால் இரண்டு பேரையுமே கழித்துவிட வேண்டியதுதான்.

இப்போது குரலுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு முன்ஜாமீன். நான் இசைக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் பள்ளிக்கூட நாளிலிருந்து பாஸ் என்கிற தாழ்ந்த குரல் பாடுகிறவன், அவ்வளவுதான். “திருநெல்வேலிக்காரனுக்கு இத்தாலிக்காரன் பாட்டு எதுக்குவே?” என்று கேட்கிறவர்கள் வருவார்கள், தெரியும். ஐயா, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கிறிஸ்தவக் கோயில் கட்டியே 1826-ல். சபையில் பாடும் பாமாலையை நாலு குரலில் பிரித்துப் பாடும் பழக்கம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் தாத்தாக்களுக்கே இருந்தது. ஹேண்டலின் அல்லேலூயா கோரஸைத் தமிழில் பாடி வளர்ந்தவனுக்கு டெனர் எது, பாஸ் எது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

பொச்செல்லி டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல். குரோபன் பாரிட்டோன், அதாவது டெனருக்கும் பாஸுக்கும் நடுவே நிற்கிற குரல். டெனரின் மானம் மரியாதையெல்லாம் ஹை சி என்கிற உச்ச சுரத்தில்தான் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் தொடுகிற மேல் ஸட்ஜம் இருக்கிறதே, அதற்கும் ஒரு முழு ஸ்தாயி மேலே. 1972-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஒரே பாட்டில் அதை ஒன்பது முறை தொட்டுத்தான் பவரோட்டி ‘ஹை சி ராஜா’ என்று பெயர் வாங்கினார். பாரிட்டோனுக்கு அப்படி ஒரு பட்டம் யாரும் கொடுத்து நான் கேட்டதில்லை. பாரிட்டோன்கள் ஓபராவில் பெரும்பாலும் வில்லன், அப்பா, நண்பன். காதலன் வேஷம் டெனருக்கு.

நம் ஊரிலும் இதே கதைதான். செங்கோட்டை கிட்டப்பா 1933-ல் 27 வயதில் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசுவது மைக் இல்லாத நாடக மேடையில் அவர் எட்டிய உச்ச ஸ்தாயியைப் பற்றித்தான். அப்புறம் டி.எம்.எஸ்., சீர்காழி. பி.பி. ஸ்ரீநிவாஸ் பேரைச் சொன்னால் “மென்மையான குரல்” என்று ஒரு வார்த்தையோடு நகர்ந்துவிடுவார்கள்.

இதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி என்றெல்லாம் சொல்லவில்லை, என் யோசனை. எங்கள் ஊரில் கோயில் கொடை என்றாலும் சபையில் விருந்து போடுகிற அசனப் பண்டிகை என்றாலும் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அந்தக் குழாய் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். நடுவும் மேலும்தான் கீறிக்கொண்டு வெளியே வரும். அதில் சீர்காழி பாடினால் நாலு வயல் தாண்டியும் சொல் பிசகாமல் கேட்கும். பி.பி.எஸ். பாடினால் கொசு முனகுகிற மாதிரி இருக்கும். இப்படியே இரண்டு மூன்று தலைமுறை கேட்டுப் பழகிய காது, உயரமாகப் பாடுகிறவன்தான் பாட்டுக்காரன் என்று முடிவு கட்டிவிட்டது. இப்போது குழாயின் வேலையைக் கைபேசி ஸ்பீக்கர் செய்கிறது. அந்தக் குட்டிப் பொட்டுக்குள் எந்தத் தாழ்ந்த குரலும் நுழைய முடியாது. உங்கள் நண்பர்கள் எதில் போட்டுக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், நானும் ஒருமுறை டூப் போட்டவன்.

எங்கள் குழுவில் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, டெனர். நல்ல குரல், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் வருஷா வருஷம் ‘ஓ ஹோலி நைட்’ தனிப்பாட்டு அவனுக்குத்தான். அடால்ஃப் ஆதாம் என்ற பிரெஞ்சுக்காரர் 1847-ல் மெட்டமைத்தது; கடைசியில் குரல் படியேறி ஒரு இடத்தில் போய் நிற்கும், அங்கே பின்வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸில் ராத்திரி பூராவும் பனியில் வீடு வீடாகப் பாடி, போகிற வீட்டிலெல்லாம் கொடுத்த காப்பியைக் குடித்து, ஆராதனை அன்று காலையில் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது.

குழுவை நடத்துகிற மாஸ்டர் என்னைப் பார்த்தார். “ஏலே, நீ பாடு.”

“அந்த உசரம் எனக்கு வராது மாஸ்டர்.”

“வராட்டா இறக்கிப்போம். பாடுதியா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

கீபோர்டில் சுருதியைக் கீழே இறக்கினார்கள். குரோபன் இந்தப் பாட்டைப் பாடிய பதிவு வீட்டில் இருந்தது. மத்தியானம் பூராவும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். அதற்கு முன்னால் அவரைக் கேட்டிருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. அவர் முதல் வரியை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். கிணற்றுக்குள் குனிந்து பேசினால் குரல் ஒரு சுற்று சுற்றி மேலே வருமே, அந்தச் சுற்று அதில் இருக்கும். உயரத்துக்குப் போகிற அவசரமே இல்லை. போனபிறகும் குரல் மெலியாது, கீழே இருந்த கனத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். டெனர்களிடம் எனக்குக் கிடைக்காதது இதுதான். அவர்கள் மேலே போனதும் கீழ்வீட்டைக் காலி செய்துவிடுகிறார்கள்.

பாடினேன். நன்றாகவே பாடினேன், அடக்கத்துக்காகக்கூட வேறு மாதிரி சொல்ல மாட்டேன். மூச்சு எங்கும் உடையவில்லை, சுருதி விலகவில்லை. ஆராதனை முடிந்து வெளியே கேக் கொடுக்கிற இடத்தில் சித்தப்பா வந்தார். “நல்லாத்தாம்டே பாடுன. ஆனா கடைசில தம்பி ஒரு தூக்கு தூக்குவான்லா, அது இல்லாம சப்புன்னு இருந்துது.” அவர் மட்டுமா? ஊரே அதைத்தான் சொன்னது. பாட்டு முழுவதும் கேட்டவர்கள் யாரும் இல்லை, கடைசித் தூக்குக்குக் காத்திருந்தவர்கள்தான் எல்லாரும். அடுத்த வருஷம் தம்பி திரும்ப வந்தான், தூக்கினான், எல்லோருக்கும் திருப்தி.

அந்த மாஸ்டர் இருந்தவரைக்கும் பரவாயில்லை. பாஸ் பாடுகிறவன் இல்லாவிட்டால் மற்ற மூன்று குரலும் அந்தரத்தில் தொங்கும் என்று அவருக்குத் தெரியும். சோல்ஃபா என்கிற சுர எழுத்துமுறையில் கையாலே எழுதி, பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுப்பார். “குரல மூஞ்சிக்குக் கொண்டு வாலே” என்று சத்தம் போடுவார். பிற்பாடுதான் படித்தேன்: ஓபரா ஆண் பாடகர்களின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனி வலு சேர்கிறது, வாத்தியங்களின் பலம் அந்த இடத்தில் குறைவு, அதனால்தான் மைக் இல்லாமலே முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் குரல் கேட்கிறது என்று. மாஸ்டர் அதைத்தான் மூஞ்சி என்றிருக்கிறார். இப்போது அவர் இல்லை. பென் டிரைவில் டிராக் வந்துவிட்டது. இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினால் கொயர் என்கிறார்கள். சீரியல் லைட்டுக்கும் எல்இடி திரைக்கும் கமிட்டி கையெழுத்துப் போடும், நாலு பாகம் ஜெராக்ஸ் எடுக்கக் காசு கேட்டால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள். கல்யாண வரவேற்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரப் பெட்டியை வைத்து நெஞ்சுக்கூடு அதிர அடிக்கிறார்கள். பக்கத்து நாற்காலி மச்சானிடம் சௌக்கியமா என்று கேட்கச் சைகை காட்ட வேண்டியிருக்கிறது. மொய் எழுதுகிறவர் பெயரைக் காதில் வாங்காமல் வேறு யார் பெயரிலோ எழுதிவிட்டு, அதற்கு ஒரு சண்டை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பொச்செல்லி ரசிகர்கள் என்னை அடிக்க வருமுன் இதையும் எழுதிவிடுகிறேன். “மைக் இல்லாவிட்டால் அவர் ஒன்றுமே இல்லை” என்று சொல்கிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். 1998-ல் இத்தாலியின் காலியாரியிலும் 1999-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் அவர் முழு ஓபராவிலேயே நடித்துப் பாடியவர். குரல் சிறியது, அரங்கத்தை நிரப்பவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள், உண்மை. ஆனால் நாம் யாரும் அவரை அரங்கத்தில் போய்க் கேட்கவில்லை, பதிவில்தான் கேட்கிறோம். பதிவில் பி.பி.எஸ். எவ்வளவு பெரிய பாடகரோ இவரும் அவ்வளவு பெரியவர். பிறவியிலேயே கண்ணில் கோளாறு, 12 வயதில் பந்து விளையாட்டில் அடிபட்டுப் பார்வை முழுவதும் போனது, அதற்காக இரங்கிக் கைதட்டுகிறார்கள் என்பதெல்லாம் அநியாயப் பேச்சு. 2020 ஈஸ்டர் அன்று, கொரோனா முடக்கத்தில், மிலான் பேராலயத்தில் ஆளில்லாமல் ஓர் ஆர்கனோடு மட்டும் பாடினாரே, அதை எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கு ஊரிலும் கோயில் பூட்டிக் கிடந்தது. நானும் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் மேல் சுரங்களில் அவர் தொண்டையை இறுக்குகிற அந்த ஒரு இடம் என் காதுக்கு ஒத்துவராது. ருசிதானே.

இதே பாணியில் பாடுகிற மற்றவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இல் டிவோ என்ற பாட்டுக் குழுவில் எனக்கு ஒரே ஆள்தான், ஸ்பெயின்காரர் கார்லோஸ் மாரின். பாரிட்டோன் என்பதால்தான், மறைக்கவில்லை. 2021 டிசம்பரில் கொரோனாவில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழுவை நான் கேட்பதில்லை. இல் வோலோ என்ற மூவர் குழுப் பையன்கள் 2015-ல் சான்ரெமோவில் ஜெயித்து, அதே வருஷம் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்தவர்கள். திறமைசாலிகள், ஆனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பாடுகிறார்கள். அந்த மூவர் பாணியே 1990-ல் ரோமில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் கச்சேரியில் தொடங்கியது. அன்றைக்கு வாத்தியக் குழுவை நடத்தியவர் நம் பம்பாய்க்காரர் சுபின் மேத்தா. அவர்களும் முந்தினார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே முந்தினார்கள்.

நீங்களாக முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. ‘தி பிரேயர்’ பாட்டை இரண்டு பேருமே பதிவு செய்திருக்கிறார்கள். பொச்செல்லி செலின் டியானோடு, குரோபன் பாடகி சார்லட் சர்ச்சோடு. குரோபன் பாடியது அவருடைய 2001 முதல் ஆல்பத்தில் இருக்கிறது. நல்ல ஹெட்போனில், முதலில் குரோபன், பிறகு பொச்செல்லி. உச்சத்தை விட்டுவிட்டு ஆண் குரல் முதன்முதலாக உள்ளே வருகிற இடத்தை மட்டும் கேளுங்கள். பிடித்திருந்தால் அடுத்தது குரோபனின் 2003 ஆல்பத்துக்குப் போகலாம். ‘யூ ரெய்ஸ் மீ அப்’ அதில்தான் இருக்கிறது. இங்கே வரவேற்பு மேடைகளில் ஆளாளுக்கு அதைப் பாடிப் பாடி எனக்கு அலுத்துவிட்டது, அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.